நட்டதும் நிற்பதும்: 'ஸ்டாக்கிங்'குக்கு ஒரு சொல்

டர்பனிலிருந்து:

வணக்கம். யூகலிப்டஸ் தோட்டக் குறிப்பு ஒன்றில் 'நடவு அடர்த்தி' இடறுகிறது. அதே பக்கத்தில் 'மர அடர்த்தி' வேறு வருகிறது. அது கட்டையின் கனம், கன மீட்டருக்கு இத்தனை கிலோ. இது ஹெக்டேருக்கு இத்தனை மரம். 'நடவு நெருக்கம்' என்று மாற்றலாமா? 3-க்கு 2 மீட்டர் இடைவெளி என்றால் 1,667. 3-க்கு 3 என்றால் 1,111.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

நெருக்கம் நல்ல சொல், ஐயா. ஆனால் நட்டது வேறு, நிற்பது வேறு. 1,667-இல் நூற்றுக்குப் பத்து பட்டுப்போனால் நிற்பது 1,500. பட்டுப்போன இடத்தில் மறுநாற்று வைக்கும் பாடு நிரப்புதலைச் சில வாரங்களுக்குள் முடிக்காவிட்டால், பிந்தி வைத்த நாற்று நிழலில் அமுங்கிவிடும். எண்ணும்போது மரம், எடை போட்டால் குச்சி. நிற்கும் மரத்தின் எண்ணிக்கையை 'ஸ்டாக்கிங்' என்கிறோமே, அதற்கு 'நிற்பு நெருக்கம்' என்று தனிச்சொல் வேண்டும்.

தென்னாப்பிரிக்க வன ஆய்வே இந்த வேறுபாட்டின் மேல் நிற்கிறது. 1930களில் வனவியலாளர் ஓ'கானர் வகுத்த சோதனை முறையில், எல்லா நிலக் கட்டங்களிலும் நெருக்கியே நட்டு, மரங்கள் ஒன்றோடொன்று போட்டியிடத் தொடங்குமுன் கலைத்து, அதாவது இடையிடையே வெட்டி நீக்கி, கட்டத்துக்குக் கட்டம் வேறு எண்ணிக்கையில் நிறுத்தினார்கள். நடவு ஒன்று, நிற்பு பல. ஒரே சொல்லால் இதை எப்படி எழுதுவது?

டர்பனிலிருந்து:

ஒப்புக்கொள்கிறேன். எதிர்ப்பதத்துக்கு, அதாவது இடம்விட்டு நடுவதற்கு, 'கலக்க நடவு' எப்படி? "கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும்" என்பது மரத்துக்கும் ஓரளவு பொருந்துகிறது. நெருக்கி நட்டால் உயரம் அவ்வளவாக மாறாது, பருமன்தான் அடிபடும். காகிதக் கூழுக்கு மொத்தக் கன அளவு போதும். அறுப்பு மரத்துக்குப் பருமன் வேண்டும். ஆனால் அளவுக்கு மீறி அகல விட்டால் கிளை தடித்துப் பலகையில் பெரிய கணு விழும், அடி பருத்து நுனி ஒடுங்கும். மேலே இலை கூடி நிலத்தை மூடத் தாமதமாவதால் களையெடுப்புச் செலவும் ஏறும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

பழமொழி அழகு, சொல் வேண்டாம். பல இனம் சேர்த்து நடும் 'கலப்பு நடவு'டன் குழம்பும். 'அகல நடவு' போதும்.

இன்னொரு சிக்கல்: மறுதாம்பு. வெட்டிய யூகலிப்டஸின் அடிக்கட்டை கரும்பைப்போலவே துளிர்க்கும். துளிர் 3, 4 மீட்டர் வளர்ந்ததும் கட்டைக்கு இரண்டு மூன்று தண்டு விட்டு மற்றதை அறுக்கிறோம். 7, 8 மீட்டரில் மறுபடி கலைத்து முதல் நடவின் எண்ணிக்கைக்குக் கொண்டுவருகிறோம். பட்டுப்போன கட்டைக்கு ஈடாகப் பக்கத்துக் கட்டையில் இரண்டு தண்டு விடுவதும் உண்டு. இங்கே கட்டையை எண்ணினால் கணக்கு தப்பும்.

ஆகவே வரையறையில் 'மரம்' வேண்டாம், ஐயா. நிற்பு நெருக்கம்: ஒரு ஹெக்டேரில் அளவெடுக்கும் நாளில் உயிரோடு நிற்கும் தண்டுகளின் எண்ணிக்கை.