கோத்தகிரியில் ஓராண்டு: உடல்நலம், எழுத்து, ஓவியம் மூன்றும் சேர்ந்து நடக்குமா?

கேட்டவர்: கீழ்வானம்

அனைவருக்கும் வணக்கம். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பத்தாண்டுகளுக்கு மேலாக வேலை பார்க்கிறேன். வயது முப்பத்தாறு. அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி அளவு 6.2 என்று வந்தது. இது சர்க்கரை நோய்க்கு முந்தைய படி என்றும், எடையைக் குறைத்து ஒழுங்காக நடந்தால் இப்போதைக்கு மாத்திரை வேண்டியதில்லை என்றும் மருத்துவர் கூறினார். நள்ளிரவு தாண்டியும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசிக்கொண்டிருக்கும் வேலையில் இருந்துகொண்டு அந்த அறிவுரையைக் கடைப்பிடிக்க என்னால் இயலவில்லை.

ஆகவே வரும் ஏப்ரலில் வேலையை விட்டுவிட்டு, கோத்தகிரியில் பூட்டிக் கிடக்கும் அத்தை வீட்டில் ஓராண்டு தங்கலாம் என்று எண்ணுகிறேன். சேமிப்பு இருக்கிறது, வாடகை வேண்டாம் என்று அத்தை மகன் சொல்லிவிட்டார். காலையில் நடையும் யோகாசனமும், முற்பகலில் நீண்ட நாளாக மனத்தில் இருக்கும் நாவல், பிற்பகலில் நீர்வண்ண ஓவியமும் தோடர் பூத்தையலும் என்று ஓர் அட்டவணை வைத்திருக்கிறேன். "வேலையை விட்டுவிட்டு மலையில் போய் உட்கார்ந்தால் யார் உன்னை மதிப்பார்கள்?" என்று அம்மா கேட்கிறார். மலையிலேயே இருப்பவர்களும் இப்படி ஓராண்டு எடுத்துக்கொண்டவர்களும், இந்தத் திட்டம் நடக்கக்கூடியதுதானா என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: குன்னூர் வாத்தியார்

தங்கைக்கு வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகும் இங்கேயே இருக்கிறேன். உங்கள் திட்டத்தில் எனக்குப் பிடித்தது உடல்நலத்தை முதலில் வைத்ததுதான். பிடிக்காதது, பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே அட்டவணை போட்டது.

கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. கூடலூரையும் நடுவட்டத்தையும் ஜூன், ஜூலையில் புரட்டி எடுக்கும் தென்மேற்குப் பருவமழை, உங்கள் பக்கம் வரும்போது பெரும்பாலும் சாரலாகவும் காற்றாகவும் தணிந்துவிடும். அதற்கு மாறாக, அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும்தான் நேரடியாகத் தாக்கும். 2009 நவம்பரில் கேத்தி, அச்சனக்கல் பகுதிகளில் நேர்ந்த மண்சரிவை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த மாதங்களில் சாலை அடைபடும், மின்சாரம் நின்றுபோகும், துணி காயாது, அலமாரியில் உள்ள புத்தகத்தின் மேலும் தோல் செருப்பின் மேலும் வெள்ளைப் பூஞ்சை பூக்கும். காலை நடை என்பது அப்போது வீட்டுத் தாழ்வாரத்தில் நடப்பதாகிவிடும். டிசம்பர் கடைசியில் மழை ஓய்ந்ததும் வானம் தெளிந்து நல்ல வெயில் வரும்; இரவில் மட்டும் குளிர் எலும்பைத் தொடும். ஜூன் முதல் செப்டம்பர் வரையும், ஜனவரி முதல் மார்ச் வரையும் நடைக்கு ஒதுக்குங்கள். மழை மாதங்களை எழுத்துக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. சமவெளிப் பழக்கத்தில் ஐந்து மணிக்கே இருட்டில் நடக்கக் கிளம்பிவிடாதீர்கள். கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் கரடி வெகு இயல்பாக நடமாடுகிறது. காட்டுமாடு வளைவில் அசையாமல் நிற்கும். நன்றாக விடிந்த பிறகு கிளம்பி, மாலை மங்குவதற்குள் வீட்டுக்குள் இருப்பதே இங்குள்ளவர்கள் வழக்கம். தேயிலைப் பாத்திக்கு நடுவே உள்ள குறுக்குப் பாதையைவிடத் தார்ச்சாலையே நல்லது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், ஆனால் முழங்காலைக் கெடுப்பது இறக்கம்தான்; முதல் சில வாரங்கள் இறக்கத்தில் மெதுவாக வாருங்கள்.

நடையால் பயன் உண்டா என்று ஐயப்பட வேண்டாம். மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு, உங்களைப் போல முந்தைய படியில் இருந்தவர்களைப் பற்றியது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்குக் கிடைத்த பயனும் கிட்டத்தட்ட அதே அளவுதான். எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். குளிருக்கு இதமாக வர்க்கியும் இனிப்புத் தேநீரும் நாளுக்கு நான்கு முறை வரும் ஊர் இது. அதில்தான் உங்கள் உறுதி சோதிக்கப்படும்.

பதில்: பெருமாள்மலை

கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே ஓராண்டு தங்கி எழுதியவன் என்ற முறையில் எழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மலைக்கு வந்து எழுதத் தொடங்கும் அனைவரும் முதலில் மூடுபனியைப் பற்றித்தான் எழுதுவார்கள். அதை எழுதித் தீர்த்துவிடுங்கள். பிறகு மனிதர்களிடம் வாருங்கள். கோத்தகிரியில் இருக்கப்போகும் உங்களுக்குக் கதைக்குப் பஞ்சமில்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களுக்காக, 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் இம்மாவட்டத்தில் தொடங்கப்பட்டது; இன்றைய டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) அதன் தொடர்ச்சிதான். கண்டியிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்த கைகள் இங்கே வந்து மறுபடியும் கொழுந்து பறித்தன. அந்தத் தலைமுறையில் நினைவோடு பேசக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பேருந்து நிறுத்தத்திலும் நியாயவிலைக் கடை வரிசையிலும் அவர்கள் பக்கத்தில் நிற்பார்கள். உங்கள் நாவல் எதைப் பற்றியதென்று நீங்கள் சொல்லவில்லை. எதைப் பற்றியதாக இருந்தாலும் முதல் மூன்று மாதம் அதைத் தொடாமல், கேட்டதையும் பார்த்ததையும் நாளுக்கு ஒரு பக்கம் குறித்துவைக்கப் பரிந்துரைக்கிறேன். ஓராண்டில் முழு நாவல் என்று கெடு வைத்தால், அலுவலகத்தில் இருந்த அதே நெருக்கடியை மூட்டை கட்டி மேலே கொண்டுவந்ததாகிவிடும்.

தனிமையைப் பற்றியும் யோசியுங்கள். மழைக்காலத்தில் நாட்கணக்கில் யாரோடும் பேசாமல் இருக்க நேரும். எழுத்துக்கு அது நல்லது என்பது எழுதாதவர்கள் சொல்வது. நூலகத்தில் உறுப்பினராகுங்கள். வாரம் ஒருநாளாவது சந்தைக்குப் போய்க் காய் வாங்குங்கள். என் தனிப்பட்ட கருத்து: இணையத்தை வீட்டில் பகல் முழுவதும் அணைத்துவைக்காவிட்டால் கோவையில் இருப்பதற்கும் மலையில் இருப்பதற்கும் வேறுபாடு குளிர் ஒன்றுதான்.

பதில்: காந்தல்வாசி

பணம் தொடர்பாக ஒரு செய்தி. வேலையை விட்ட நாளோடு நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு நின்றுவிடும். புதிதாகத் தனிக் காப்பீடு எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டு வரை காத்திருப்புக் காலம் விதிக்கலாம் (2024க்கு முன் இது நான்காண்டாக இருந்தது). அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர்த் திட்டத்துக்கு மாறினால், குழுவில் இருந்த ஆண்டுகள் காத்திருப்பில் கழிக்கப்படும். அந்த விண்ணப்பத்தை வேலையில் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள், 6.2 என்ற அளவையும் மறைக்காமல் எழுதுங்கள். வருங்கால வைப்பு நிதியைத் தொட வேண்டாம், சந்தா கட்டாத ஆண்டிலும் அதற்கு வட்டி சேரும். எல்லாவற்றுக்கும் முன்னால், ஊதியமில்லா நீண்ட விடுப்பு கிடைக்குமா என்று மனிதவளப் பிரிவில் ஒருமுறை கேட்டுப்பாருங்கள். கிடைத்தால் அம்மாவுக்குச் சொல்லவும் ஒரு பதில் இருக்கும்.

பதில்: கட்டபெட்டு

ஓவியமும் பூத்தையலும் இரண்டும் வேண்டாம், அக்கா. ஒன்று போதும்.

தோடர் பூத்தையலை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். வெள்ளைப் பருத்தித் துணியில் கோலமோ அச்சோ எதுவும் வரைவதில்லை. துணியின் இழைகளைக் கண்ணாலும் விரல் நுனியாலும் எண்ணி, சிவப்பு, கறுப்பு நூலை ஊசியால் கோத்துக்கொண்டே போவார்கள்; ஓர் இழை பிசகினால் அந்த வரிசை முழுவதும் கோணும். அப்படித் தைத்த பூத்துக்குளி என்னும் போர்வை அவர்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றிலும் இடம்பெறுவது. இந்தத் தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. விருப்பத்துக்காகக் கற்றுக்கொள்வதில் தவறில்லை, ஆனால் கற்றுத்தருபவரின் நேரத்துக்கு உரிய கூலி கொடுங்கள், நீங்கள் தைத்ததைத் தோடர் வேலைப்பாடு என்று யாருக்கும் விற்காதீர்கள். ஓராண்டில் கைவந்துவிடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

நீர்வண்ணம் உங்கள் திட்டத்துக்கு எளிதில் பொருந்தும். நடைக்குப் போகும் வழியிலேயே வரைய ஏராளம் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை சோலையோரத்தில் காட்டுப்பூவரசு இரத்தச் சிவப்பில் பூக்கும். நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை புதருக்குள்ளிருந்து கூச்சலிடும். பொறுமையாக நின்றால் வெளியே வரும். ஈரக்காற்றில் தாள் காய்வதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நவம்பரில் ஒரு பூச்சுப் போட்டுவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தாலும் அடுத்த நிறம் அதற்குள் பரவி ஓடும். அந்த மாதங்களில் பென்சிலும் மையும் போதும். தடித்த பருத்தித் தாளை நெகிழிப் பெட்டியில் மூடிவைக்காவிட்டால் அதிலும் பூஞ்சை வரும். தாளும் வண்ணமும் கோவையிலேயே வாங்கிவந்துவிடுங்கள்.

கீழ்வானம்:

எல்லோருக்கும் நன்றி. பூத்தையலை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். ஊதியமில்லா விடுப்புக்கு இன்று விண்ணப்பித்திருக்கிறேன். கிடைக்காவிட்டால் காப்பீட்டு வேலையை முடித்துக்கொண்டு விலகுவேன். டேன்டீ குடும்பங்களைப் பற்றிப் பெருமாள்மலை அண்ணா எழுதியதைப் படித்தபின் நாவலின் களத்தையே மாற்றலாமா என்று தோன்றுகிறது. ஒரே ஒரு கேள்வி மீதி இருக்கிறது: ஏப்ரலில் வருவதா, ஜூனில் வருவதா?

குன்னூர் வாத்தியார்:

ஜூன். ஏப்ரல், மே மாதங்கள் சீசன். மலைப்பாதை முழுவதும் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும், குழாயில் தண்ணீரும் குறைவாக வரும். வெளியூர்ப் பதிவெண் உள்ள காரில் வருவதானால் 2024 மே முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஜூனில் வந்தால் வடகிழக்கு மழைக்கு முன் வீட்டைச் சரிசெய்யப் போதிய நாள் கிடைக்கும். பூட்டிக் கிடந்த வீடு என்கிறீர்கள். கூரை ஓடா, தகரமா என்று முதலில் பாருங்கள். உடைந்த ஓடுகளை மாற்றி, மழைநீர்க் கால்வாயில் அடைந்த சருகை வாரி, வீட்டின் பின்பக்கத்து மண்மேட்டில் தண்ணீர் தேங்காமல் வடிகால் வெட்டிவிட வேண்டும். மழைக்கு முந்தைய வாரங்களில் இந்த வேலைக்கு ஆள் பிடிப்பது கடினம், ஆகவே அத்தை மகனிடம் இப்போதே சொல்லி ஒருவரை ஏற்பாடு செய்துவையுங்கள்.