சாப்பிட்டது செரிக்கவில்லை, நள்ளிரவில் சர்க்கரை ஏறுகிறது: அம்மாவின் வயிற்றுக்கு என்ன ஆயிற்று?

அல்சூர் மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரை நோய் வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. கடைசி ஆறு ஆண்டுகளாகக் காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். எட்டு மாதங்களாக அவரால் முன்போல் சாப்பிட முடியவில்லை. இரண்டாவது இட்லியை முடிப்பதற்குள் வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். காலையில் எழுந்ததும் வரும் ஏப்பத்தில் முந்தைய நாள் குழம்பின் வாடை அடிக்கிறது. நாங்கள் பார்க்கும் மருத்துவர் இதை வாயுத் தொல்லை என்று சொல்லி, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையே மாற்றி மாற்றிக் கொடுத்துவருகிறார்.

மார்கழி பிறந்தால் பெங்களூரில் அவரைக்காய் இல்லாத வீடு ஏது? சென்ற ஞாயிறு மதியம் ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் செய்திருந்தோம். அம்மா கொஞ்சம்தான் சாப்பிட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கு வாந்தி எடுத்தபோது, அந்தக் கொட்டைகள் தோல்கூடக் கழலாமல் அப்படியே வெளியே வந்தன. பதினெட்டு மணி நேரம் அவை வயிற்றிலேயே கிடந்திருக்கின்றன என்பதை நினைத்து நான் பயந்துபோனேன்.

சர்க்கரை அளவை ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். இரவு எட்டு மணிக்கு இன்சுலின், எட்டரைக்குச் சாப்பாடு. பத்து மணிக்கு அளவு 62, வியர்வையும் கைநடுக்கமும். எதுவுமே சாப்பிடாத அதிகாலை மூன்று மணிக்கு 287. ஒளித்துவைத்து இனிப்பு சாப்பிடுகிறாயா என்று அப்பா கேட்டுவிட்டார். அம்மா வெகுநேரம் அழுதார். சர்க்கரை நோய்க்கும் செரிமானத்துக்கும் தொடர்பு உண்டா? எங்கு தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராமமூர்த்தி நகர்வாசி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். முதலில் உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், அம்மா ஒளித்துச் சாப்பிடவில்லை. நீங்கள் எழுதியிருப்பது எனக்கு நடந்ததைத் திரும்பப் படிப்பதுபோல் இருக்கிறது. எனக்கு 22 ஆண்டுகளாகச் சர்க்கரை. நான்கு ஆண்டுகளுக்கு முன் இரைப்பை மந்தம், அதாவது காஸ்ட்ரோபரேசிஸ், என்று கண்டறிந்தார்கள்.

நாம் விழுங்கிய உணவை இரைப்பை நிமிடத்துக்கு மூன்று முறை என்ற தாளத்தில் சுருங்கி விரிந்து அரைக்கிறது. ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்கு மசிந்த பிறகுதான் அதைச் சிறுகுடலுக்குள் விடுகிறது. இந்த வேலையை நடத்துவது மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பும், இரைப்பைச் சுவரிலேயே இருக்கும் நரம்பு வலையும், தாளத்தைத் தொடங்கிவைக்கும் காஹல் செல்களும். பல ஆண்டுகள் உயர்ந்திருக்கும் சர்க்கரை பாதத்தின் நரம்புகளைக் கெடுத்து மரத்துப்போகச் செய்வதை நாம் எல்லோரும் அறிவோம். அதே கேடு உள்ளே வயிற்று நரம்புகளுக்கும் வரும் என்பதை மட்டும் யாரும் நம்மிடம் சொல்வதில்லை. அரைக்கும் வலு குறைந்த இரைப்பையில் கொட்டையும் நாரும் தங்கிவிடுகின்றன. தண்ணீரும் கஞ்சியும் ஓரளவு தாமாகவே இறங்கிவிடும்.

உங்கள் நோட்டில் உள்ள 62-க்கும் 287-க்கும் காரணம் இதுவாக இருக்கலாம். இன்சுலின் தன் நேரத்துக்கு வேலையைத் தொடங்கிவிடுகிறது, ஆனால் உணவு இன்னும் இரைப்பையை விட்டு நகரவில்லை. அதனால் சர்க்கரை தாழ்கிறது. மருந்தின் வேகம் தணிந்த நள்ளிரவுக்கு மேல் உணவு மெல்லக் குடலுக்கு இறங்கி, ரத்தத்தில் ஏறுகிறது. சர்க்கரை மிக உயர்ந்திருக்கும் நேரத்தில் இரைப்பை இன்னும் மந்தமாகிவிடுவதால், ஒன்று மற்றொன்றை வளர்த்துக்கொண்டே போகும்.

உணவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஓராண்டு வீணாகத் துன்பப்பட்டது அதில்தான். சர்க்கரைக்கு நல்லது என்று ராகிக் களி, கீரை, முளைகட்டிய பயறு, தோலோடு பழம் என்றே சாப்பிட்டுவந்தேன். பிற சர்க்கரை நோயாளிகளுக்கு அது நல்ல அறிவுரைதான். இரைப்பை மந்தமானவர்களுக்கு அதே நார்தான் பாரம். சிலருக்கு வயிற்றுக்குள் உருண்டு கட்டியாகவே திரண்டுவிடும். எண்ணெய் மிகுந்த உணவும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். இப்போது நான் மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். குழைந்த சோறும் பாசிப்பருப்பும், இட்லி, தோலும் விதையும் நீக்கி மசித்த சுரைக்காய், மோர். சாப்பிட்டதும் படுக்காமல் தெருமுனை வரை நடந்துவருகிறேன். குழைந்த சோறு சர்க்கரையை விரைவாக ஏற்றாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அதனால்தான் அளவையும் மருந்தையும் மருத்துவரோடும் உணவியல் வல்லுநரோடும் உட்கார்ந்து சரிசெய்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

காக்ஸ் டவுன் செவிலியர் எழுதியது:

முப்பத்தோரு ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். நண்பர் சொன்னது சரி. ஆனால் அறிகுறியை வைத்து நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. இரைப்பை குடலுக்குள் திறக்கும் வாயிலில் புண்ணோ கட்டியோ அடைத்திருந்தாலும் இதே வாந்திதான் வரும். ஆகவே குடல் நோய் மருத்துவரைப் பார்த்து முதலில் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளட்டும். இரவு முழுவதும் பட்டினி இருந்த பிறகும் இரைப்பையில் உணவு கிடந்து, அடைப்பு எதுவும் இல்லையென்றால், மந்தம் என்ற ஐயம் வலுப்படும். அதை உறுதிசெய்ய அணு மருத்துவப் பிரிவில் ஒரு சோதனை உண்டு. மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து, நான்கு மணி நேரம் வரை இடையிடையே படமெடுப்பார்கள். நான்காவது மணியிலும் பத்து சதவீதத்துக்கு மேல் இரைப்பையில் மிஞ்சியிருந்தால் அது தாமதம்.

அம்மா உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், ஊசிகளையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரைக்குக் கொடுக்கும் லிராகுளூடைட், செமாகுளூடைட் போன்ற மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமே தாமதப்படுத்துபவை. அவற்றைப் போட்டுக்கொள்பவருக்கு நரம்பு கெடாமலேயே இந்தத் தொல்லை வரலாம். சில வலி மாத்திரைகளும் அப்படியே.

சர்க்கரை தாழும்போது என்ன கொடுக்கிறீர்கள் என்பது மிக முக்கியம். பிஸ்கட்டோ சாக்லேட்டோ மந்தமான வயிற்றில் கரைந்து ஏறுவதற்கு நேரமாகும். 15 கிராம் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். ஒருவேளை வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், வீட்டுச் சர்க்கரை உடனே உதவாது, ஏனென்றால் அதைக் குடலில் உடைக்கும் நொதியையே அந்த மாத்திரை தடுத்துவைக்கிறது, குளுக்கோஸ்தான் வேண்டும். நினைவு மங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

சிலருக்கு உணவு நேர இன்சுலினைச் சாப்பிட்ட பிறகு போடும்படி மாற்றுவார்கள், சிலருக்கு இன்சுலின் வகையையே மாற்றுவார்கள். அதை நீங்களாகச் செய்ய வேண்டாம், வாந்தி என்பதற்காக முழுவதுமாக நிறுத்தவும் வேண்டாம். தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, ரத்தம் கலந்த வாந்தி, மூச்சு வாங்குதல், கடும் சோர்வு இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை.

மல்லேஸ்வரம் வாசகர் எழுதியது:

என் கணவருக்கு இதற்கு நேர்மாறாக வயிற்றுப்போக்கு. நடு இரவில் எழுந்து ஓடுவார். வெளியூர்ப் பயணத்தையே விட்டுவிட்டோம். சர்க்கரைக்காக அவர் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் படிப்படியாகக் கரையும் வகைக்கு மாற்றி, உணவோடு சேர்த்துச் சாப்பிடச் சொன்னதும் பெரும்பகுதி நின்றுவிட்டது. அப்படியும் நிற்காதவர்களுக்குக் குடல் நரம்புக் கோளாறு, சிறுகுடலில் பாக்டீரியா பெருகுதல், கணையச் சுரப்புக் குறைவு ஆகியவற்றைப் பார்ப்பார்களாம். மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுகிறவர்கள் பி12 அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொன்னார்.

அல்சூர் மகள் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று குடல் நோய் மருத்துவரிடம் நோட்டைக் காட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதை யாரும் முன்பே கேட்கவில்லையா என்றார். எண்டோஸ்கோப்பியில் அடைப்பு இல்லை. பன்னிரண்டு மணி நேரப் பட்டினிக்குப் பிறகும் உணவு இருந்தது. அடுத்த வாரம் அந்தப் படச் சோதனை. டோம்பெரிடோன் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போடச் சொல்லியிருக்கிறார். அப்பாவே கூடவந்து எல்லாவற்றையும் கேட்டார். திரும்பும் வழியில் கடையில் நின்று குளுக்கோஸ் பொட்டலம் வாங்கி, அம்மாவின் கைப்பையில் அவரே வைத்தார். சோதனைக்கு முன் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

காக்ஸ் டவுன் செவிலியர் எழுதியது:

நல்ல செய்தி. டோம்பெரிடோன் இரைப்பையைத் தூண்டும் மருந்து என்பதால் சோதனைக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். எப்போது நிறுத்துவது என்று இன்றே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அது இதயத் துடிப்பின் சீரைப் பாதிக்கக்கூடிய மருந்தும்கூட, ஆகவே இதயத் தொல்லை இருந்தால் மறைக்காமல் சொல்லி, ஈசிஜி வேண்டுமா என்று கேளுங்கள். சோதனையன்று காலை சர்க்கரை 275-க்கு மேல் இருந்தால் முடிவு தவறாக வரும் என்பதால் தள்ளிவைத்துவிடுவார்கள். பட்டினி இருக்கும் அந்தக் காலையில் இன்சுலின் எவ்வளவு என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே இருக்க வேண்டும். அளக்கும் கருவியையும் அந்த நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.