ரங்கநாதன் உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டார்? மலையக வாசகர்களின் அனுபவங்கள்

பண்டாரவளை வாசகி:
இந்திய நூலகவியலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகள் இங்கே எல்லாருக்கும் தெரியும், அதை விடுகிறேன். எனக்கு அவர் எதிர்ப்பட்டது ஒரு தோட்டத்துப் படிப்பகத்தில். கண்ணாடி அலுமாரி நிறையப் புத்தகம், பூட்டுப் போட்டிருந்தது, சாவி யார் வீட்டிலோ. ஸ்கூல் உடுப்போடு ஒரு பிள்ளை தலையைச் சரித்துக்கொண்டு, புத்தக முதுகில் இருந்த பெயர்களைக் கண்ணாடி வழியாக எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். விரல் கண்ணாடியில் ஊர்ந்துகொண்டே போனது. 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்ற முதல் விதியை விளக்க, அந்த விதிகளைப் பற்றி 1931இல் வந்த தன் நூலில் அவர் எடுத்துக்கொள்வது ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு வைத்த காலத்தை. சங்கிலிக்குப் பதில் பூட்டு, அவ்வளவுதான். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பேராதனை பழைய மாணவன்:
அக்கா சொல்வது சரி, ஆனால் ரங்கநாதன் என்றாலே ஐந்து விதியோடு நிறுத்திவிடுகிறோம், எனக்கு அது ஒப்பவில்லை. கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார், லண்டன் போய்ப் படித்தார், அங்கே ஒரு கடையில் துண்டுகளை மாற்றிப் பொருத்தி உருவம் செய்கிற மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்ததில் வந்த யோசனைதான் 1933இல் கோலன் பகுப்பு என்ற, புத்தகங்களை வகைப்படுத்தும் முறையாக அச்சானது. தோட்டத் தொழிலாளர் சுகாதாரம் பற்றி ஆய்வுக்குத் தேடியபோது எனக்கு அது உறைத்தது. நூலகங்களில் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்குகிற டூயி பகுப்பில் தேயிலைக்கு 633.72. அந்தத் தட்டில் கன்று, உரம், கவ்வாத்து எல்லாம் இருக்கிறது, கொழுந்து பறிக்கிற மனுஷி இல்லை. தொழிலாளர் என்று 331க்குப் போனால் தோட்டத்தைக் காணோம். இரண்டு தட்டுக்கும் நடுவே நின்றுகொண்டு, கோலன் பகுப்பில் ஒரு நூலின் விஷயத்தை ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ரங்கநாதன் பிரித்ததை யோசித்தேன். ஒரு நூலின் பல முகங்களையும் ஒரே எண்ணில் கோக்கத்தான் அந்த மனுஷன் ஆயுள் முழுக்க உழைத்திருக்கிறார்.

ஹட்டன் ஆசிரியர்:
தம்பி, எண் இருக்கட்டும். புத்தகம் ஆளிடம் போய்ச் சேராவிட்டால் எந்தப் பகுப்பாலும் பிரயோசனமில்லை. 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் கொண்டுபோனார்களே, அந்த இயக்கத்தில் இவருக்கும் பங்கு உண்டு. 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததும் இவர் விடாமல் நின்றதால்தான். யாழ்ப்பாணப் பொது நூலகத்தை அமைக்கவும் ஆலோசனை சொன்னவர். எங்களுக்குப் படிப்பித்த யாழ்ப்பாணத்து சேர் ஒருவர், 1981இல் அது எரிந்த பிறகும் தன் உறுப்பினர் அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். ஒருநாள் வகுப்பில் எடுத்துக் காட்டினார், ஒன்றும் பேசவில்லை.

பண்டாரவளைத் தங்கச்சிக்கு ஒன்று சொல்கிறேன். பூட்டை முதலில் கழற்ற வையுங்கள். புத்தகம் தொலையும் என்பார்கள், தொலையட்டும், பூட்டிக் கிடந்தால் கரையான்தான் தின்னும். ஏ.எல். படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேரிடம் ஒரு சிஆர் கொப்பியைக் கொடுத்து, எடுப்பவர் பெயர், குடியிருக்கிற லயம் (தோட்டத்து வரிசை வீடு), திகதி எழுதச் சொல்லுங்கள். திறக்கிற நேரம் முக்கியம்: கொழுந்து நிறுத்துவிட்டு அம்மாமார் வீடு திரும்பிய பிறகு, அப்புறம் ஞாயிறு காலை. ஒன்பது மணிக்குத் திறந்து நாலு மணிக்கு மூடினால் யார் வருவது? சின்னப் பிள்ளைகளின் புத்தகத்தைக் கீழ்த்தட்டில் வையுங்கள், பாடப்புத்தகத்தோடு கலக்க வேண்டாம். பிரதேச சபைக்கும் ஒரு கடிதம் போடுங்கள், பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

பண்டாரவளை வாசகி:
சேர், கடிதம் பிறகு எழுதலாம். சாவி வைத்திருப்பவர் பெரிய மனிதர், நான் தனியாகப் போனால் வாசலிலேயே அனுப்பிவிடுவார். உங்களில் யாராவது கூட வருகிறீர்களா?