கல்முனை – மட்டக்களப்பு வண்டிச் சேவை: பூட்டனாரின் தொழிலை எங்கே தேடுவது?

கல்முனைப் பேரன்:
அம்மம்மாவின் தகப்பனார், அதாவது என் பூட்டனார், கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஆட்களையும் தபாலையும் ஏற்றிச் செல்லும் வண்டிகள் வைத்திருந்தார் என்பது எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. "அப்பா கோச்சி விட்டவர்" என்று அம்மம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே 1832இல் தொடங்கிய தபால் குதிரை வண்டியைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். நமது கரையோர வீதியில் ஓடிய வண்டிகளைப் பற்றியோ, அவற்றை ஓட்டிய குடும்பங்களைப் பற்றியோ நான் தேடிய இடங்களில் ஒரு வரிகூட அகப்படவில்லை.

எங்களிடம் எஞ்சியிருப்பது ஒரு கணக்குக் கொப்பி மட்டுமே. கறையான் அரித்தது போக இருபது பக்கங்களை வாசிக்கலாம். முதற்பக்கத்தில் "பிலவங்க வருஷம் சித்திரை" என்றிருக்கிறது. உள்ளே வைக்கோல், புண்ணாக்கு, லாடம், சில்லுப் பட்டை, கல்லடி ஓடம் என்று செலவுகள் ரூபாயிலும் சதத்திலும் குறிக்கப்பட்டுள்ளன. ஓரிடத்தில் "சிவலை நொண்டுகிறது, நாலு நாள் வண்டி இல்லை" என்று எழுதியிருக்கிறார். அந்த வரியை வாசித்த பிறகுதான் இதைத் தேடியே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இந்தக் கொப்பி எந்தக் காலத்தது? எங்கள் குடியின், அதாவது குலப்பிரிவின், பெயரை வைத்துக் கோயில் ஏடுகளில் அவரைத் தேடலாமா?

ஆரையம்பதி ஆசிரியர்:
தம்பி, உங்கள் கொப்பி தன் வயதைத் தானே சொல்கிறது. இலங்கையில் ரூபாயைச் சதமாகப் பிரித்து எண்ணும் முறை 1872இல் வந்தது. ஆகவே கணக்கு அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. கல்லடிப் பாலம், அதாவது ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரால் அமைந்த லேடி மனிங் பாலம், 1924இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் தெற்கேயிருந்து வரும் வண்டிக்காரர் மட்டக்களப்பு நகரின் நடுவான புளியந்தீவுக்குப் போக வாவியை ஓடத்தில்தான் கடக்க வேண்டும் என்பதால், ஓடக்கூலி எழுதிய கை பாலத்துக்கு முந்திய கை. அறுபது ஆண்டுச் சுற்றில் பிலவங்க வருஷம் 1847, 1907, 1967 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் பிறந்தது. 1872க்கும் 1924க்கும் இடையில் விழுவது 1907 ஒன்றே. எனவே கொப்பி 1907 சித்திரையில் தொடங்கியது என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

இனிக் "கோச்சி" என்ற சொல்லுக்கு வருவோம். நம் பக்கத்துப் பேச்சில் அது புகைவண்டியைக் குறிக்கும். மட்டக்களப்புக்குப் புகைவண்டி வந்ததோ 1928இல்தான். உங்கள் அம்மம்மா தாம் வளர்ந்தபோது கேட்ட சொல்லைத் தகப்பனாரின் வண்டிக்கு ஏற்றிச் சொல்லியிருக்கக்கூடும். கணக்கில் குதிரைத் தீவனமான கொள்ளு வாங்கிய குறிப்பு உண்டா என்று பாருங்கள். வைக்கோலும் புண்ணாக்கும் சிவலை என்ற செந்நிற மாட்டின் பெயரும் இருக்கும் கொப்பியை நான் மாட்டு வண்டிக் கொப்பி என்றே கொள்வேன். ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரத்தைக் காளைகளை நம்பிக் கடந்து, ஊருக்கும் கச்சேரி எனப்படும் அரசாங்க அலுவலகத்துக்கும் இடையே போக்குவரத்தை நடத்தியவரின் தொழில், குதிரை இல்லை என்பதால் சிறிதும் தாழ்ந்துவிடாது.

காணிப் பதிவில் பணியாற்றியவர்:
உங்கள் கேள்வியில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தாவிட்டால் ஆண்டுக்கணக்கில் தவறான இடத்தில் தேடுவீர்கள். மட்டக்களப்பில் குடி தாய்வழியாக வருவது. உங்கள் குடி உங்கள் அம்மாவுக்கும், அம்மம்மாவுக்கும், அவரைப் பெற்ற பூட்டிக்கும் உரியது. பூட்டனாரின் குடி அவருடைய தாயாரின் குடி. ஒரே குடிக்குள் மணம் செய்யாத வழக்கத்தின்படி பார்த்தால் அது நிச்சயமாக வேறு குடியாகவே இருக்கும். ஆகவே கோயில் ஏடுகளைத் திறப்பதற்கு முன் அவருடைய தாயார் யார், எந்த ஊர் என்பதை வீட்டில் வயதானவர்களிடம் கேட்டறியுங்கள்.

காணி விடயத்திலும் இதே கவனம் தேவை. மட்டக்களப்பின் வழக்காற்றுச் சட்டமான முக்குவர் சட்டத்தின் தாய்வழி உரிமை 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு சட்டப்படி முடிவுக்கு வந்தாலும், மகளுக்கு வீடுவளவைச் சீதனமாகக் கொடுப்பதும் மணமகன் மனைவியின் வீட்டில் குடியேறுவதும் தொடர்ந்தன. மாடு கட்டிய இடமும் வண்டி நிறுத்திய இடமும் பூட்டியின் பெயரில் எழுதிய உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அந்த உறுதி கிடைக்காவிட்டால் அயல் காணிகளின் உறுதிகளில் நான்கு எல்லைகளையும் வாசியுங்கள்; உறுதி எழுதும் நொத்தாரிசுமார் பக்கத்து வளவுக்காரரை எல்லையாகக் குறிப்பது வழக்கம். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல் என்பதால், கல்முனை பற்றிய அதற்கு முந்திய நிர்வாக ஆவணங்களை மட்டக்களப்பு மாவட்டம் என்ற தலைப்பின் கீழ்த் தேட வேண்டும்.

புளியந்தீவு வாசகி:
கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அரசாங்க அதிபர்களின் ஆண்டறிக்கைகளையும் பழைய வர்த்தமானிகளையும் பாருங்கள். ஆண்டு தெரிந்துவிட்டதால் தேடல் எளிது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: சில்லுப் பட்டைக்குப் பணம் வாங்கியவர் பெயர் கொப்பியில் இருக்கிறதா? ஐரோப்பிய வழிவந்தவர்களான எங்கள் ஊர்ப் பறங்கியர் தச்சிலும் இரும்பு வேலையிலும் பெயர் பெற்றவர்கள். பறங்கிப் பெயரொன்று அகப்பட்டால், அந்தக் குடும்பத்தின் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு வழியாகவும் பூட்டனாரின் காலத்தை நெருங்கலாம்.

கல்முனைப் பேரன்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கொள்ளு எங்கும் இல்லை, மாட்டு வண்டிதான். இந்த வாரம் பெரியம்மாவிடம் இருந்த உறுதிகளைப் பார்த்தேன். வளவு பூட்டியின் பெயரில் சீதனமாக எழுதப்பட்டிருக்கிறது. பூட்டனாரின் பெயர் அதில் இல்லை. ஆனால் அதற்குத் தெற்கேயுள்ள காணியின் உறுதியில் "வடக்கு: வண்டிக்காரன் பெண்சாதி வளவு" என்று நொத்தாரிசு எழுதியிருக்கிறார். பூட்டனாரின் தாயார் பாண்டிருப்பைச் சேர்ந்தவர் என்று பெரியம்மா நினைவுகூர்ந்தார். அடுத்து அங்கே போகிறேன்.