தேயிலை மலையில் நடக்க வழிகாட்டி கட்டாயமா?

ஊவா மகன்:
இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்கள் வழியே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பீக்கோ நடைபாதை வந்த பிறகு, முதுகுப்பையோடு யாராவது எங்கள் தோட்டத்தைக் கடக்காத நாளே இல்லை. 22 கட்டங்கள், 300 கிலோமீட்டர். வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் போன மாதம் கையடக்கத் தொலைபேசி வரைபடத்தை நம்பி வந்த இருவர், மூடுபனி இறங்கிய நேரத்தில் வழி தவறி ஆளுயர மானாப் புல்லுக்குள் இறங்கிவிட்டார்கள். எங்கள் லயத்து வரிசைவீட்டு ஆட்கள் பத்துப் பேர் டோர்ச் வெளிச்சத்தில் இரவு பதினொரு மணிவரை தேடினோம். காலெல்லாம் அட்டை கடித்து இரத்தம் வழிய, இருவரும் ஒரு வடிகால் கானுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். தேடப் போனவர்கள் விடிந்ததும் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டியிருந்தது. அந்த இரவுக்கு யார் பேர், அதாவது ஒரு நாள் கூலி, போடுவார்கள்? தோட்டப் பாதைகளில் நடக்க உள்ளூர் வழிகாட்டியைக் கட்டாயமாக்க வேண்டும் என்கிறேன். நானும் அந்த வேலைதான் செய்கிறேன், அதை மறைக்கவில்லை.

ஒற்றையடி (கண்டி):
மறைக்காததற்கு நன்றி தம்பி. கடைக்காரரே கடைக்கு வராதவனைக் குற்றம் சொல்வது போல இருந்தாலும் பதில் சொல்கிறேன். ஹந்தானையிலிருந்து கலஹா, அங்கிருந்து லூல்கந்துர என்று நான் தனியாகத்தான் நடந்தேன். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட இடம் அது. வழிநெடுக அடையாளக் கம்பங்கள் இருக்கின்றன. கம்பம் கண்ணில் படாத இடத்தில் ஒரு பாட்டி வழி சொன்னார், பிளேன்டீயும் கொடுத்தார். இவை நம் பாட்டன்மார் வெட்டிய பாதைகள். அவற்றில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அங்கே நடக்க இன்னொருவரின் அனுமதி எதற்கு?

ஹோர்ட்டன் சமவெளியில் டிக்கெட் வாங்குகிறோம், வாசலில் பொலித்தீனைச் சோதிக்கிறார்கள், பிறகு உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பு வரை நம் பாட்டுக்கு நடக்கிறோம். சிவனொளிபாதமலையில் கைக்குழந்தையோடும் ஏறுகிறார்கள். அங்கெல்லாம் வேண்டாத வழிகாட்டி தேயிலைக்குள் மட்டும் எதற்கு?

ஊவா மகன்:
அண்ணன் சிவனொளிபாதமலையை இழுத்தது நல்லதாகப் போயிற்று. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைதான் அங்கே விளக்கும் தேநீர்க் கடையும் கூட்டமும். ஜூலையில் நல்லதண்ணியிலிருந்து இரவு இரண்டு மணிக்கு ஏறிப் பாருங்கள். 2,243 மீட்டர் மலை, தென்மேல் பருவக்காற்று, கும்மிருட்டு. படி அதே படிதான், கால் வைக்கிறவன் பாடு வேறு.

இன்னொன்று. ஹட்டன் பக்கம் மழை கொட்டுகிற ஜூலை, ஆகஸ்டில் எங்கள் ஊவாவில் கச்சான் காற்று வீசிப் புல் காய்ந்து கிடக்கும், ஒரு சிகரெட் போதும் மலை எரிய. அக்டோபருக்குப் பிறகு மழை எங்கள் பக்கம் திரும்பிவிடும். வருகிறவர்களோ இலங்கை முழுவதற்கும் ஒரே பருவம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். வானத்தைப் பார்த்து "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல அந்த மலையில் வளர்ந்தவன் ஒருவன் பக்கத்தில் இருக்க வேண்டும். கம்பம் அதைச் சொல்லாது.

பழைய கணக்கப்பிள்ளை:
முப்பது வருடத் தோட்ட உத்தியோகம் பார்த்தவன் என்பதால் குறுக்கிடுகிறேன். வழி தவறுவதைப் பற்றியே பேசுகிறீர்கள், குளவியை மறந்துவிட்டீர்கள். ஒரு முறை நடைப்பயணிகள் இருவர் மரத்தடியில் தீ மூட்டித் தண்ணீர் காய்ச்சினார்கள். மேலே கூடு இருந்தது. அவர்கள் ஓடித் தப்பிவிட்டார்கள். கொட்டு வாங்கியவர்கள் கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஏழு பெண்கள். எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்பது அந்த மலையில் வேலை செய்கிறவருக்குத்தான் தெரியும்.

தியலும நீர்வீழ்ச்சியையும் சொல்ல வேண்டும். 220 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர். அதன் உச்சியில் இருக்கும் குளங்களில் இளைஞர்கள் குளிக்கிறார்கள். அங்கே வெயிலடிக்கும்போதே மேல்மலையில் மழை பெய்தால் நீர் திடீரென்று ஏறும். அந்த நீர்வீழ்ச்சி இருக்கிற கொஸ்லந்தைப் பகுதியில்தான் 2014 அக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தம்பி பக்கம்தான் என் ஓட்டு.

ஒற்றையடி (கண்டி):
ஐயா, குளவி விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் "கட்டாயம்" என்ற சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். கட்டாயம் என்றால் அனுமதிப்பத்திரம். வழிகாட்டிகளுக்கு அதை வழங்குவது சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை. அதற்குப் பயிற்சி, மொழி, கட்டணம், கொழும்புக்குப் பயணம். லயத்திலிருந்து எத்தனை பேர் அந்தப் படியைத் தாண்டுவார்கள்? கடைசியில் கொழும்பிலிருந்து வேனில் வந்து இறங்குகிறவர் "உள்ளூர்" வழிகாட்டியாக முன்னே நடப்பார், நம் பிள்ளை பின்னால் பை தூக்குவான். தம்பி, உங்களிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா?

ஊவா மகன்:
இல்லை. இரண்டு வருடமாக முயல்கிறேன்.

ஒற்றையடி (கண்டி):
குத்திக்காட்டக் கேட்கவில்லை. நீங்கள் கேட்கிற சட்டம் முதலில் வீட்டுக்கு அனுப்பப்போவது உங்களைத்தான்.

கொழுந்துக்காரி மகள் (ஹட்டன்):
இரண்டு அண்ணன்மாரும் நடக்கிறவரைப் பற்றியே பேசுகிறீர்கள். நடுவில் கூடையோடு நிற்கிறவர் என் அம்மா. எங்கள் தோட்டத்தில் ஒரு பேருக்கு 18 கிலோ. குறைந்தால் அரைப்பேர். படம் எடுக்க வருகிறவர்கள் "கொஞ்சம் இப்படித் திரும்புங்கள், சிரியுங்கள்" என்று பத்து நிமிடம் நிறுத்திவிடுகிறார்கள். சிலர் நூறு ரூபாய் கொடுப்பார்கள், பலர் கையசைப்பார்கள். இதில் மோசமானவர்கள் தனியாக வருகிறவர்கள் அல்ல. கூட்டமாக வருகிறவர்களை நிறை பிடித்து வரிசையாகக் கொழுந்து எடுக்கிற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, "இங்கே படம் நன்றாக வரும்" என்று சொல்கிறவர் வழிகாட்டிதான். அவருக்குப் பயணிகளிடம் கூலி, எங்களுக்கு அரைப்பேர்.

ஊவா மகன்:
அக்கா, நான் அப்படிச் செய்வதில்லை என்று சொல்ல வந்தேன். செய்திருக்கிறேன், இரண்டு மூன்று தடவை. இனி யாரையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தமாட்டேன்.

இருந்தாலும் என் பேச்சை முழுதாகத் திரும்பப் பெறவில்லை. கொழும்புப் பத்திரம் வேண்டாம். தோட்டத்துப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கோயில் கமிட்டியோ இளைஞர் மன்றமோ வைத்திருக்கட்டும். மழைக்காலத்திலும் சரிவான இடங்களிலும் மட்டும் கட்டாயம் ஆகட்டும். ஹந்தானை போன்ற இடங்களில் அண்ணன் தனியாகவே நடக்கட்டும்.

பழைய கணக்கப்பிள்ளை:
கோயில் கமிட்டியா! திருவிழாக் கணக்கே இன்னும் முடியவில்லை.

ஒற்றையடி (கண்டி):
மழைக்காலம் மட்டும் என்றால் யோசிக்கலாம். யார் கட்டுப்படுத்துவது என்பதில் நான் இன்னும் எதிர்க்கட்சிதான். அதோடு ஒரு வேண்டுகோள்: அட்டைக்கு உப்பு, சவர்க்காரம், நீளக் காலுறை என்று உங்களைப் போன்ற வழிகாட்டிகள் சொல்கிற வைத்தியத்தைக் கம்பத்தில் எழுதி வைத்தாலே பாதிப் பேர் பிழைத்துவிடுவார்கள்.

கொழுந்துக்காரி மகள் (ஹட்டன்):
இதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வழிகாட்டி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. நிறுவை முடியும் முன்னே யாரும் என் மலைக்கு வர வேண்டாம்" என்கிறார்.

ஒற்றையடி (கண்டி):
அப்படியென்றால் எப்போது வரலாம் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

கொழுந்துக்காரி மகள் (ஹட்டன்):
கேட்டேன். ஞாயிற்றுக்கிழமையாம்.