முகப்பில் லேப்டாப், இரண்டாங்கட்டில் சிக்னல் இல்லை: வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பள்ளத்தூரான்:

அடுத்த மாதத்திலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் ஆபீஸுக்கு வர வேண்டும் என்று மெயில் வந்துவிட்டது. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு ஆரம்பித்ததே, அதற்கு இரண்டு நாள் முன்னால் நாலு சட்டையும் லேப்டாப்புமாகச் சென்னையிலிருந்து செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டுக்கு வந்து இறங்கியவன் நான். நடுவில் மாதம் ஒரு தடவை போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவதோடு சரி, மற்றபடி இங்கேதான். கிளம்புவதற்கு முன்னால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. உங்கள் கதையையும் கீழே போடுங்கள்.

எங்கள் வீட்டுக்கு ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லைக் கதவு. ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பத்துக்குப் பங்கு இருக்கிறது, குடியிருப்பது அப்பத்தா மட்டும். ரௌட்டரை முகப்பில் வைத்தால் நடு முற்றமான வளவில் ஒரு கோடு சிக்னல் காட்டும், அதற்குப் பின்னால் இருக்கிற இரண்டாங்கட்டில் அதுவும் கிடையாது. அந்தச் சுண்ணாம்புச் சுவரின் கனம் அப்படி. கேபிள் இழுத்துவிடலாம் என்று ஆள் கூட்டி வந்தேன். சுவரில் துளை போடப் போகிறேன் என்று எப்படியோ தெரிந்து சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா போன் செய்தார். "முட்டை வெள்ளைக்கரு போட்டு மெழுகின சுவருடா, ஆணி அடிக்கக்கூட அப்பச்சி விட்டதில்லை." கடைசியில் ஜன்னல் கம்பி வழியாக, வளவைச் சுற்றி, தூணோடு தூணாகக் கட்டிக் கொண்டுபோனோம். பர்மாத் தேக்குத் தூணில் நீலக் கேபிள். பார்க்கச் சகிக்காது, ஆனால் இத்தனை வருஷம் ஓடியது.

நெட்டுகூடச் சரியாகிவிட்டது, ஊர் வாய்தான் சரியாகவில்லை. திண்ணையில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தால் போகிற வருகிறவரெல்லாம் "என்ன தம்பி, லீவா?" என்பார்கள். ஆறு மாதம் போனதும் குரலைத் தாழ்த்தி, "ஆபீஸ்ல வெரட்டிட்டாய்ங்களா?" என்றார்கள். ஒரு சம்பந்தமே இதனால் தட்டிப்போனது. பெண் வீட்டார் விசாரித்த இடத்தில் யாரோ "பையன் வீட்டுலதான் இருக்கான்" என்று சொல்லியிருக்கிறார்கள். பொய்யென்று எப்படிச் சொல்வது?

ஒருநாள் மீட்டிங்கில் மேனேஜர், கேமராவைப் போடாதவர்களெல்லாம் வேலை செய்கிறார்களா என்று தனக்கு எப்படித் தெரியும் என்று சத்தம் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு அப்பத்தா, யார் இவன், என்ன வேணுமாம் என்றது. சொன்னேன். "உங்க பாட்டையா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, வியாபாரத்துக்குப் போனாரே, அவரை எந்த முதலாளி பார்த்துக்கிட்டு இருந்தான்?" என்றது.

யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். முதலாளி செட்டிநாட்டில், ஏஜெண்டு ரங்கூனில். மூன்று வருஷத் தவணைக்கு ஒரு கணக்கு என்று பெயர். நடுவில் இருந்தது கப்பலும் தபாலும்தான். கணக்கை எழுதி அனுப்புவார், இங்கிருந்து பதில் போகும், கணக்கு முடிந்தால் ஊருக்குத் திரும்பலாம். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிக்கும்வரை இப்படித்தான் அவ்வளவு பெரிய லேவாதேவி நடந்தது. ஏஜெண்டு காலை ஒன்பது மணிக்குப் பெட்டியடியில் உட்கார்ந்தாரா என்று ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் புள்ளி என்றால் கல்யாணமான ஒரு குடும்பம். எங்கள் மேனேஜருக்குப் புள்ளி என்றால் ஆபீஸ் சாட்டில் பெயருக்குப் பக்கத்தில் எரிகிற பச்சைப் புள்ளி, அது மஞ்சளானால் உடனே போன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து ஏஜெண்டு முன்பின் தெரியாத ஆள் இல்லை, உறவாக இருப்பார், இல்லாவிட்டால் தெரிந்த ஊர்க்காரர், குடும்பம் இங்கேயே இருக்கும். அவ்வளவு ஜாமீன் என்னிடம் கம்பெனிக்குக் கிடையாது. அதனால் வேலையைக் கணக்குக் கேட்கட்டும், கறாராகவே கேட்கட்டும். நாற்காலியைக் கணக்குக் கேட்பதுதான் எனக்குப் புரியவில்லை.

தேவகோட்டை மருமகள்:

நான் மெடிக்கல் கோடிங். அமெரிக்க ஆஸ்பத்திரிச் சார்ட்டைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுகிற வேலை. நோயாளி விவரம் என்பதால் கதவு சாத்திய அறை வேண்டும், உள்ளே செல்போன் கூடாது, வேறு ஆள் வரக்கூடாது என்று கம்பெனியில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் இருபது அறை இருக்கிறது. எனக்கென்று சாத்திக்கொள்ள இருப்பது கல்யாணத்தில் எங்கள் புள்ளிக்கு ஒதுக்கிய அறை ஒன்றுதான், அதற்கு ஜன்னல் கிடையாது. வைகாசி வெயிலில் உள்ளே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

பிரசவ லீவு முடிகிறபோது வீட்டிலிருந்து வேலை கேட்டேன். 2017-இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டத்தில் அதற்கு வழி இருந்தது, பலருக்குத் தெரியவில்லை. ஆனால் வேலை அதற்கு ஏற்றதாக இருந்தால், இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் என்றுதான் போட்டிருந்தது. எச்.ஆரில் அந்த வரியைத்தான் எனக்குத் திருப்பிப் படித்துக் காட்டினார்கள். சண்டை போட்டு எட்டு மாதம் வாங்கினேன். அது கிடைக்காமல் போயிருந்தால் வேலையை விட்டிருப்பேன், எங்கள் டீமில் இரண்டு பேர் விட்டார்கள்.

ஆனால் பள்ளத்தூர் அண்ணன் எழுதியதைப் படித்து ஒரு விஷயத்தில் சிரிப்பு வந்தது. அவரைப் பார்த்து ஊரார் "வேலை போயிருச்சா" என்றாவது கேட்டார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, மருமகள் வீட்டில் இருக்கிறாள், அவ்வளவுதான். அத்தை நல்லவர், குற்றம் சொல்ல மாட்டேன், ஆனால் விருந்தாள் வந்தால் கதவைத் தட்டி, "ஒரு நிமிஷம் வந்து வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு பதம் பாரு" என்பார். பதம் பார்த்து, ஊற்றி, சட்னி அரைத்து, பரிமாறி முடிய ஒன்றரை மணி நேரம். அந்த டார்கெட்டை ராத்திரி பதினொன்றுக்கு உட்கார்ந்து முடிப்பேன். இப்போது வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் போகிறேன், உண்மையைச் சொன்னால் பஸ்ஸில் உட்காருகிற அந்த அரைமணிதான் எனக்கு ஓய்வு.

காரைக்குடி கணக்கர்:

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல். நான் ஆள் வைத்து வேலை வாங்குகிறவன், ஆறு பேர், வரி, ஜி.எஸ்.டி. வேலை. கொரோனாவில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினேன். பழைய ஆட்கள் மூன்று பேரும் ஒரு குறையும் வைக்கவில்லை. மாதம் 11-ஆம் தேதி விற்பனை விவரம் காட்டுகிற ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதி வரி கட்டுகிற 3பி, சொல்லாமலே முடித்து அனுப்புவார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் மட்டும் ஒரே தப்பை நாலு மாதம் செய்திருக்கிறான். பக்கத்தில் இருந்திருந்தால் முதல் நாளே யாராவது "டேய், இன்வாய்ஸ் தேதியைப் பாரு" என்றிருப்பார்கள். போனில் கேட்க அவனுக்குக் கூச்சம். அவன் மேல் கோபப்பட்டேன், பிறகு என் மேல்தான் பட்டுக்கொண்டேன்.

என் மகன் இதைப் பற்றி ஒரு ஆராய்ச்சியைக் காட்டினான். சீனாவில் சிட்ரிப் என்ற பயணக் கம்பெனியின் கால்சென்டரில் 2010 டிசம்பரில் தொடங்கிச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து செய்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியிருக்கிறது. ஆனால் அதே வேலைத்திறனுக்குக் கிடைக்க வேண்டிய பதவி உயர்வு அவர்களுக்குக் குறைந்திருக்கிறது. சோதனை முடிந்ததும் விருப்பம் கேட்டபோது வீட்டில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஆபீஸுக்கே வருகிறோம் என்றார்களாம், தனிமைதான் முக்கியக் காரணம். அதே கம்பெனியில் பின்னால் 1,612 பேரை வைத்து, வாரத்தில் இரண்டு நாள் வீடு என்று பார்த்தார்கள், 2024-இல் வெளியானது. வேலை குறையவில்லை, பதவி உயர்வில் வித்தியாசம் இல்லை, வேலையை விட்டுப்போவது மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒரு நல்ல ஆளை இழந்துவிட்டு வேறு ஆள் தேடிப் பழக்குகிற அவஸ்தை தெரிந்தவனுக்கு அந்தக் கடைசிக் கணக்கு போதும். இப்போது என் ஆபீஸில் பழைய ஆட்களுக்கு இரண்டு நாள் வீடு, புதியவர்களுக்கு முதல் வருஷம் கிடையாது. பதினெட்டிலிருந்து இருபதாம் தேதிவரை எல்லோரும் வர வேண்டும், ராத்திரிக்குப் பரோட்டா என் செலவு.

ஆத்தங்குடிக்காரன்:

எல்லோரும் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரிப் பேசுகிறீர்கள். எங்களுக்கு வீட்டிலிருந்து வேலை பரம்பரையாக நடக்கிறது. கொல்லையில் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலரை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட வேண்டும். மழை பெய்தால் ஆபீஸ் லீவு. மேனேஜர், என் சம்சாரம். கேமரா தேவையில்லை.

பள்ளத்தூரான்:

ஆத்தங்குடி அண்ணே, உங்கள் மேனேஜருக்கு வணக்கம் சொல்லுங்கள்.

கணக்கர் ஐயா சொன்ன பதவி உயர்வு விஷயம் எனக்கும் நடந்தது, மேலே எழுத மனசு வரவில்லை. என்னோடு சேர்ந்தவன் டீம் லீட் ஆகிவிட்டான், நான் ஆகவில்லை. வேலையில் குறை என்று யாரும் சொல்லவில்லை. "உன்னைப் பார்க்கவே முடியறதில்லையே" என்றார்கள்.

தேவகோட்டைத் தங்கச்சி எழுதியதைப் படித்ததும் இன்னொன்று உறைத்தது. இத்தனை வருஷமும் எனக்கு நேரத்துக்குச் சாப்பாடு வந்துகொண்டே இருந்தது. எண்பத்தெட்டு வயசில் அப்பத்தா அடுப்படியில் நின்றதை நான் வேலையாக நினைத்ததே இல்லை.

சரி, நிலவரம் இது. நியோ டைடல் என்கிற அரசு ஐ.டி. பூங்காவைக் காரைக்குடிக்கும் அறிவித்தார்கள், எங்கள் கம்பெனியும் அதில் இடம் பிடிக்கிறவரை காத்திருக்க முடியாது. வாரத்தில் இரண்டு நாள் வீடு வேண்டும் என்று, இத்தனை வருஷத்தில் முடித்த வேலைகளின் பட்டியலையும் சேர்த்து மெயில் போட்டிருக்கிறேன், பதில் இல்லை. சென்னைக்குப் பல்லவன் ரயிலில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, வெயிட்டிங் 14. சோழிங்கநல்லூர் பக்கம் சைவச் சாப்பாட்டோடு ரூம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.