மறுமொழி: எம்.சி.எல். – ‘உச்ச மாசு அளவு’ சரிவருமா?

வணக்கம் ஐயா.

> குடிநீரில் எந்தப் பொருள் எவ்வளவுவரை இருக்கலாம் என்று அமெரிக்கச் சட்டம் வகுப்பதே ‘மேக்சிமம் கண்டாமினன்ட் லெவல்’. ‘உச்ச மாசு அளவு’ என்று எழுதலாமா?

சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் ‘ஆர்செனிக்கின் உச்ச மாசு அளவு 10 மைக்ரோகிராம்’ என்று நாளிதழில் வந்தால், எங்கோ ஆற்றில் அளந்தபோது கிடைத்த அதிகபட்சம் என்றுதான் எடுத்துக்கொள்வேன். நில உச்சவரம்பு என்ற சொல் பழகியதுதானே? ‘மாசு உச்சவரம்பு’ என்போம். மீறினார்கள், குறைத்தார்கள் என்ற வினைகளும் இயல்பாக ஒட்டும். ஆர்செனிக் வரம்பே லிட்டருக்கு 50 மைக்ரோகிராமாக இருந்தது. 2001இல்தான் 10 ஆகக் குறைத்தார்கள்.

வரம்போடு கூடவே வரும் ‘கோல்’ (இலக்கு) வேறு. உடல்நலத்தை மட்டும் பார்த்து வைப்பது, கட்டாயமில்லாதது. ஆர்செனிக்குக்கு அது சுழியம். செலவையும் தொழில்நுட்பத்தையும் கணக்கில் எடுத்த பிறகு வருவதே வரம்பு. கோலை ‘நலன் இலக்கு’ எனலாமா?

ஈயத்தை இதில் சேர்க்காதீர்கள். அது பெரும்பாலும் குழாயிலிருந்தே கரைந்து வருகிறது. அதனால் வரம்புக்குப் பதில் ‘ஆக்‌ஷன் லெவல்’. தாண்டினால் குழாய் அரிப்பைத் தடுக்கும் வேலையில் இறங்க வேண்டும். ‘நடவடிக்கை அளவு’ போதும்.

‘மாசு’ வேண்டாம், ஃபுளோரைடும் வரம்பு வைத்த பொருள்களின் பட்டியலில் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். பல்லுக்கு நல்லதென்று நம் மலேசியக் குழாய்நீரில் சேர்த்தே விடுகிறார்கள், கேள்வி நியாயம்தான். ஆனால் அவர் சொன்ன ‘வேற்றுப்பொருள்’ என்றதும் எனக்குக் கரப்பான்பூச்சிதான் மிதக்கிறது.

‘ஸ்டேட் எம்.சி.எல்.’ என்று வரும்போது ‘ஸ்டேட்’டை ‘அரசு’ என்று எழுதிவிடாதீர்கள். அங்கே மாநிலங்கள் கூட்டரசைவிடக் கடுமையாக வரம்பு வைக்கலாம், தளர்த்த முடியாது. நியூ ஜெர்சி மாநிலம் 2018இல் பி.எஃப்.என்.ஏ. என்ற செயற்கை வேதிப்பொருளுக்கு லிட்டருக்கு 13 நானோகிராம் என்று வைத்தபோது கூட்டரசு வரம்பே கிடையாது. இங்கோ குடிநீர்த் தரத்தைச் சுகாதார அமைச்சு நாடு முழுமைக்கும் வகுக்கிறது. பினாங்குக்கு ஒன்று, சிலாங்கூருக்கு ஒன்று என்றில்லை. ஆகவே ‘மாநில மாசு உச்சவரம்பு’ என்று முழுதாக எழுதினால்தான் நம் வாசகர் தடுமாறமாட்டார்.

கோலாலம்பூரிலிருந்து

---

வணக்கம் தம்பி.

உச்சவரம்பு எனக்குச் சம்மதம். ‘நலன் இலக்கு’ மட்டும் ஏதோ குடும்பநலத் திட்டம்போல் ஒலிக்கிறது. ‘நல இலக்களவு’ என்றால்? மற்றவர்களும் சொல்லட்டும், நம் கலைச்சொல் பட்டியலில் இப்போதைக்குக் கேள்விக்குறியோடு போடுகிறேன்.

பினாங்கிலிருந்து